நிமிடத்துக்கு எத்தனை டிக்கெட் என்பதல்ல கேள்வி

2025 ஜூன் இறுதியில் ரயில்வே அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பயணிகள் முன்பதிவு அமைப்பு இப்போது நிமிடத்துக்கு 32,000 பயணச்சீட்டுகளை வழங்குகிறது. புதிய அமைப்பு 1.5 லட்சத்துக்கு மேல் வழங்கும். இருக்கை விசாரணைகள் நிமிடத்துக்கு 4 லட்சத்திலிருந்து 40 லட்சமாகப் பெருகும் என்றது அது. இரண்டு மாதம் முடிவதற்குள் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விடையோ இப்போதைய திறன் நிமிடத்துக்குச் சுமார் 25,000 என்றும், புதிய அமைப்பின் திறன் அதைப்போல நான்கு மடங்கு என்றும் கூறியது. பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சம். நிகழ்காலத்தில் ஏழாயிரமும் எதிர்காலத்தில் ஐம்பதாயிரமும் ஒரே மழைக்காலத்தில் காணாமற்போயின. இரு கணக்குகளும் இருவேறு பொருள்களை அளந்திருக்கலாம். எதை அளந்தன என்று சொல்லப்படாததுதான் குறை. அதை எவரும் கேட்கவில்லை என்பது அதனினும் பெரிய குறை.

அதே நாடாளுமன்ற விடையில் இன்னொரு செய்தியும் இருந்தது. இப்போதைய அமைப்பு 2010இல் நிறுவப்பட்டது. ஐட்டானியம் சர்வர்களில் ஓப்பன்விஎம்எஸ் என்னும் இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது. சமூக ஊடகங்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். 'அருங்காட்சியகத்து எந்திரத்தில் நாட்டின் ரயில்கள்' என்ற பாணியில் கேலிகள் குவிந்தன. தட்கல் கிடைக்காத ஒவ்வொருவருக்கும் அன்றுமுதல் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டது: பழைய சர்வர். அதைத் தூக்கிவிட்டு மேகக் கணிமைக்கு மாறினால் தீர்ந்தது சிக்கல்.

இந்தக் கேலிக்கு அடிப்படை இல்லை. விஎம்எஸ் 1977இல் பிறந்தது. வங்கிகளும் பங்குச்சந்தைகளும் ஆலைகளும் நின்றுபோகக் கூடாத பணிகளை அதனிடம் ஒப்படைத்தது அதன் வயதைப் பாராமல் அல்ல. மாற்றம் தேவையில்லை என்பதும் வாதமன்று. இன்டெல் நிறுவனம் 2021 ஜூலையோடு ஐட்டானியம் சில்லுகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. உதிரிக்கும் ஆளுக்கும் ஏங்கும் நிலை வந்தே தீரும். எந்திரம் மாறட்டும். ஆனால் அந்த எந்திரங்களின் தலைமுறை கற்றுத்தந்த ஒரு பாடம் உண்டு. ஒரு பெரிய சர்வரை உள்ளே எப்படிப் பிரிப்பது, பிரிவுகளுக்கிடையே சுவரை எவ்வளவு கெட்டியாக எழுப்புவது, அந்தச் சுவரை நகர்த்தும் உரிமையை யாரிடம் கொடுப்பது என்பதே அந்தப் பாடம். புதிய அமைப்பைப் பற்றி வெளிவந்த எந்த அறிவிப்பிலும் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சித்தூரிலோ திருப்பதியிலோ கவுன்ட்டர் வரிசையில் நிற்பவரின் நலன் அந்த இல்லாத சொல்லில்தான் தொங்குகிறது.

வன்பொருட் பிரிவினை என்றால் என்ன என்பதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். 1990களின் இறுதிவரை ஒரு நிறுவனம் மூன்று வேலைகளுக்கு மூன்று பெரிய எந்திரங்களை வாங்கும். அல்லது ஒரே எந்திரத்தில் மூன்றையும் கொட்டிவிட்டு, ஒன்றின் பசிக்கு மற்ற இரண்டும் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். 1997இல் சன் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் 10000 ஒரே பெட்டிக்குள் பல 'டொமைன்'களை அமைக்க வழிசெய்தது. 2000இல் எச்பி நிறுவனத்தின் சூப்பர்டோம் வந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளில் 1980களிலேயே இருந்த தருக்கப் பிரிவுகள் 2001இல் அதன் பவர்4 யூனிக்ஸ் சர்வர்களுக்கும் வந்தன. இவற்றுள் சூப்பர்டோமின் அமைப்பு விளக்கத்துக்கு எளிது. அதன் அடிப்படை அலகு 'செல்' எனப்படும் ஒரு பலகை. செயலிகளும் நினைவகமும் அந்தப் பலகையிலேயே இருக்கும். முழு எந்திரத்தில் இத்தகைய செல்கள் 16 வரை. நான்கு செல்களைச் சேர்த்து ஒரு பிரிவு, இரண்டைச் சேர்த்து இன்னொன்று என்று நிர்வாகி வகுக்கலாம். ஒவ்வொரு பிரிவும் தனித்தனி இயங்குதளத்தோடு தனித்தனிக் கணினியாகவே எழும். ஐட்டானியம் சூப்பர்டோமில் ஒரு பிரிவில் யூனிக்ஸ், பக்கத்துப் பிரிவில் விண்டோஸ், அதற்கடுத்ததில் ஓப்பன்விஎம்எஸ் என்று ஒரே பெட்டிக்குள் ஓடவைக்கலாம். ஒன்று விழுந்தால் மற்றவை விழா. ஒன்றில் கூட்டம் மிகுந்தால் மற்றொன்றின் ஒரு கோரைக்கூட அது தொட முடியாது. மென்பொருள் வெறும் முன்னுரிமை எண்களால் போடும் வேலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கயிறு கட்டிய வரிசைக்கும் சுவர் எழுப்பிய வரிசைக்கும் உள்ள வேறுபாடு. திருமலையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரித்தால் மட்டும் போதாது. பிரிவை மேலாண்மை செய்யவேண்டும். அதற்கென்றே தனி மென்பொருள்கள் வந்தன. எச்பியிடம் பார்ட்டிஷன் மேனேஜர் இருந்தது. அதற்குமேல் பல எந்திரங்களை ஒரே திரையில் காட்டும் சிஸ்டம்ஸ் இன்சைட் மேனேஜர் இருந்தது. ஐபிஎம் தன் பிரிவுகளை ஆளத் தனியே ஒரு ஹார்ட்வேர் மேனேஜ்மென்ட் கன்சோலை வைத்தது. சன் தன் டொமைன்களுக்கு வெளியே ஒரு தனிக் கணினியை நிறுத்தியது. மூன்று நிறுவனங்களும் ஒரே முடிவுக்கு வந்தன: சுவர்களை நகர்த்தும் கை சுவர்களுக்கு வெளியே இருக்கவேண்டும். எச்பி எந்திரங்களில் இதன் மறுபக்கத்தையும் காணலாம். பிரிவுகளை மாற்றியமைக்கும் உரிமைக்கு அங்கே ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு போடப்படாவிடில், ஒரு பிரிவின் முதன்மை நிர்வாகி தன் பிரிவுக்குள் இருந்தபடியே பக்கத்துப் பிரிவின் அமைப்பையும் மாற்ற முடியும். மின்சுற்றளவில் கல்லுச்சுவர், ஆனால் பூட்டாவிட்டால் அதற்கொரு கதவு. சுவரின் வலிமையை அளக்க விரும்புவோர் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் கதவைத்தான்.

இந்தச் சுவர்களின் மதிப்பை வாடிக்கையாளர்களைவிட விற்பனையாளர்களே நன்கு அறிந்திருந்தார்கள். பெட்டிக்குள் கூடுதல் செயலிகளை வைத்தே அனுப்பி, அவற்றைப் பூட்டி வைத்து, பணம் கட்டினால் குறிச்சொல் தந்து எழுப்பும் வணிகமுறையை எச்பி நடத்தியது. ஆரக்கிள் நிறுவனத்தின் உரிமக் கொள்கை ஆவணமோ பிரிவுகளை இரண்டு சாதிகளாகவே வகுத்தது. எச்பியின் வன்பிரிவு, உச்சவரம்பு இட்ட ஐபிஎம் பிரிவு போன்றவை 'கடினப் பிரிவினை'. அங்கே அந்தப் பிரிவில் உள்ள செயலிகளுக்கு மட்டும் கட்டணம். விஎம்வேர் போன்ற மென்பொருட் பிரிவினையை அது ஏற்காது. முழு எந்திரத்துக்கும் கட்டணம். அந்த ஆவணம் ஒப்பந்தத்தின் பகுதி அன்று, அறிவுறுத்தலுக்கு மட்டுமே என்று அதிலேயே எழுதியிருக்கும் என்பது வேறு கதை. கட்டணம் வசூலிக்கும்போது எது உண்மையான சுவர், எது கோலமாவுக் கோடு என்று விற்பனையாளருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. பொதுச்சேவையை வடிவமைக்கும்போது மட்டும் அந்தத் துல்லியம் எங்கே போகிறது?

இனி சித்தூர் கவுன்ட்டருக்கு வரலாம். சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா ஆகிய நிலையங்கள் நெடுங்காலமாகத் தென் மத்திய ரயில்வேயின் குண்டக்கல் கோட்டத்தில் இருந்தவை. அவற்றின் முன்பதிவு முனையங்கள் பேசுவது செகந்திராபாத்தில் உள்ள மையத்தோடு. சித்தூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள காட்பாடி தெற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. அதன் முனையங்கள் சென்னையோடு பேசும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்கள் நாட்டின் முன்பதிவைப் பங்கிட்டுக்கொண்டன. 1990களில் கிரிஸ் உருவாக்கிய கான்சர்ட் என்ற மென்பொருள் அவற்றைப் பிணைத்தது. ஒரு ரயிலின் இருக்கைக் கணக்கு அதற்குரிய மையத்தில் இருக்கும். வேற்று மையத்துக் கவுன்ட்டரிலிருந்து வரும் கோரிக்கை அங்கே போய்த் திரும்பும். வேலூர் மருத்துவமனைக்குச் செல்லும் சித்தூர் நோயாளியின் மகன் சென்னையிலிருந்து புறப்படும் ரயிலுக்குப் படிவம் நீட்டினால், அந்தக் கோரிக்கை செகந்திராபாத் வழியாகச் சென்னைக்குப் போகிறது. இப்படி நாட்டையே ஐந்தாகப் பகுத்து வைத்ததும் ஒரு பிரிவினைதான். அதை யாரும் பழமை என்று கேலி செய்யவில்லை. ஏனெனில் யாருக்கும் அது தெரியாது.

2002இல் ஐஆர்சிடிசியின் இணையவழி முன்பதிவு தொடங்கியது. இணையம் நேரே மையத்துக்குள் நுழையவில்லை. நடுவில் ஒரு முகப்பு அமைப்பு நின்றது. 2014 வரை அந்த முகப்பின் திறன் நிமிடத்துக்கு 2,000. அவ்வாண்டு 7,200 ஆக உயர்த்தப்பட்டது. நாடெங்கும் அதைச் சாதனை என்று பாராட்டினார்கள், சாதனையே. ஆனால் இன்னொரு கோணமும் உண்டு. முகப்பின் குறுகிய வாயில் இணையத்தின் பசிக்கு ஓர் உச்சவரம்பாக இருந்தது. கவுன்ட்டர் முனையங்களோ அந்த வாயில் வழியே வரவில்லை. திட்டமிட்டு எழுப்பாத சுவர் அது. வசதிக்குறைவால் நின்ற சுவர். இன்று முன்பதிவில் பத்தில் எட்டுக்கும் மேல் இணையத்தில் நடக்கிறது. வாயில் அகல அகல, தற்செயலாக நின்ற சுவர் இடிகிறது. அதற்கு மாற்றாக வேண்டுமென்றே ஒரு சுவர் எழுப்பப்பட்டதா என்பதற்கு ஒற்றை மொத்த எண்ணில் விடை இல்லை. 25,000 என்பதில் கவுன்ட்டருக்கு எவ்வளவு? 32,000 என்பதில் எவ்வளவு? உச்ச நிமிடத்தில் செகந்திராபாத் மையத்தின் கவுன்ட்டர் கோரிக்கை ஒன்று எத்தனை நொடி காத்திருக்கிறது? வெளியிடப்பட்ட எண்கள் இவற்றைப் பற்றி ஊமையாகவே இருக்கின்றன.

வேகம் கூடுவது எல்லோருக்கும் நன்மைதானே என்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக ஒரு ரயிலில் ஒரு வகுப்பில் 200 தட்கல் இருக்கைகள் எனக் கொள்வோம். காலை 11 மணிக்குக் குளிர்சாதனமற்ற வகுப்பின் தட்கல் திறக்கிறது. கவுன்ட்டர் எழுத்தர் படிவத்தைப் பார்த்துப் பெயர், வயது, பால், புறப்படும் இடம், சேருமிடம் ஆகியவற்றைத் தட்டச்சிட்டு முடிக்க, கைதேர்ந்தவராயினும், முக்கால் நிமிடம் ஆகிறது என்று வைப்போம். அந்த 200 இருக்கைகள் தீர மூன்று நிமிடமானால் அவருக்கு நான்கு படிவங்களுக்கு வாய்ப்பு. அமைப்பின் வேகம் ஐந்து மடங்காகி, இருக்கைகள் நாற்பது நொடிக்குள் தீர்ந்தால் அவருக்கு ஒரு படிவத்துக்கும் வாய்ப்பில்லை. இருக்கைகள் கூடவில்லை, ரயில் கூடவில்லை, பறிக்கும் வேகம் மட்டும் கூடியது. விவரங்களை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் செயலிக்கும், மனிதக் கை படாமல் ஓடும் நிரலுக்கும் அந்த நாற்பது நொடி போதும். படிவத்தில் பேனாவால் எழுதி வரிசையில் நிற்பவருக்குப் போதாது. எனவே சுவரின்றிக் கூட்டப்படும் வேகம் கவுன்ட்டர்க்காரரிடமிருந்து எடுத்து இணையக்காரருக்குக் கொடுக்கும் ஓர் ஏற்பாடு. அதைச் சீர்திருத்தம் என்று அழைப்பதற்குமுன் யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லியாக வேண்டும்.

ரயில்வேக்கு இந்தத் தத்துவம் தெரியாததன்று. 2025 ஜூலை 1 முதல் அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் தட்கல் திறக்கும் முதல் அரைமணி நேரத்தில் பதிவு செய்யக்கூடாது என்று விதி வந்தது: குளிர்சாதன வகுப்புக்கு 10 முதல் 10.30 வரை, மற்றவற்றுக்கு 11 முதல் 11.30 வரை. இதுவும் ஒரு சுவர்தான். நேரத்தில் எழுப்பிய சுவர். பலமுள்ளவர் பலமற்றவரை இடித்துத் தள்ளும் இடத்தில் ஒதுக்கீடு வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டபின், எந்திரத்துக்குள் அதே ஒதுக்கீட்டைக் கேட்டால் 'அது தொழில்நுட்ப விவகாரம்' என்று ஒதுங்குவது என்ன நியாயம்?

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு, இரண்டும் மதிக்கத்தக்கவை.

முதலாவது, சுவர் வீணாக்கும் என்பது. கவுன்ட்டருக்கென ஒதுக்கிய செல்கள் கவுன்ட்டர் மூடிய இரவு நேரத்தில் சும்மா கிடக்கும். உண்மை. ஆனால் இதற்குத் தீர்வு இருபதாண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வந்தது. எச்பி எந்திரங்களில் ஒரு வன்பிரிவில் சில கோர்களை உறங்கவைத்து, அதே எண்ணிக்கையை இன்னொரு வன்பிரிவில் எழுப்பலாம். பலகை நகர்வதில்லை, பயன்பாட்டு உரிமை மட்டும் நகர்கிறது. மேலாண்மை மென்பொருளில் கொள்கையை எழுதி வைத்துவிட்டால் அதுவே தேவையை அளந்து மாற்றும். இரவு பத்துக்குக் கவுன்ட்டரின் பங்கு இணையத்துக்குப் போகட்டும். காலை ஏழரைக்குத் திரும்பி வரட்டும். அந்தக் கொள்கையை எழுதுவது யார், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேட்கப்படுவது. இதையும் தாண்டி எஞ்சும் வீண், ஆளில்லாத நேரத்திலும் திறந்து வைத்திருக்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வீணைப் போன்றது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. எத்தனை பிரிவு போட்டாலும் கடைசியில் எல்லாக் கோரிக்கையும் ஒரே ரயிலின் ஒரே இருக்கைக் கணக்கில்தான் வந்து மோதுகின்றன. ஒருவர் தொடும்போது அந்தப் பதிவு பூட்டப்படுகிறது. மற்றவர் காத்திருக்க வேண்டும். வன்பொருட் சுவர் அங்கே உதவாது. இதுவும் உண்மைதான். வன்பிரிவால் இருக்கைப் பதிவைப் பிளக்க முடியாது. அது செய்யக்கூடியது ஒன்று: பதிவின் வாசல்வரை வந்து சேரும் உரிமையைக் காப்பது. இணையத்தின் இலட்சக்கணக்கான வெற்று விசாரணைகள் செயலிகளை அடைத்துக்கொண்டு, கவுன்ட்டரின் முழுமையான கோரிக்கையை வாசலுக்கே வரவிடாமல் செய்வதைச் சுவர் தடுக்கும். நிமிடத்துக்கு 40 லட்சம் விசாரணைகளை ஏற்கப்போவதாகப் பெருமைப்படும் அமைப்பில் இந்தப் பாதுகாப்பு முன்னைவிடப் பத்து மடங்கு தேவை. வாசலுக்குள் யார் முதலில் என்பது வரிசைமுறையின் விதி. அதையும் வெளிப்படையாக எழுதவேண்டும் என்பதே இந்த எதிர்வாதத்திலிருந்து பெறப்படும் முடிவு. சுவரே வேண்டாம் என்ற முடிவு இதிலிருந்து பெறப்படாது.

மேகக் கணிமையில் இந்தச் சிக்கல்கள் இல்லை என்பது இப்போதைய மூடநம்பிக்கை. மேகம் என்பது வேறொருவர் கட்டடத்தில் உள்ள பிரிக்கப்பட்ட சர்வர். அங்கும் செயலிகள் பங்கிடப்படுகின்றன. அங்கும் பக்கத்து வீட்டுக்காரரின் இரைச்சல் கேட்கும். அதனால்தான் யாரோடும் பகிராத தனி வன்பொருளைப் பெரிய மேக நிறுவனங்கள் தனி விலைக்கு வாடகைக்கு விடுகின்றன. மாறுவது கன்சோல் இருக்கும் இடம். முன்பு அது ரயில்வேயின் சொந்த அமைப்பான கிரிஸின் ஊழியர் முன் இருந்தது. இனி அது ஒப்பந்தக்காரரின் பணியாளர் முன் இருக்கலாம். அல்லது கூட்டத்தைப் பார்த்துத் தானே பெருகிச் சுருங்கும் ஒரு நிரலிடம் இருக்கலாம். தானே பெருகும் அமைப்பு யார் அதிகம் தட்டுகிறாரோ அவருக்காகவே பெருகும். சித்தூர் கவுன்ட்டரில் ஓர் எழுத்தர் ஒரு நிமிடத்தில் ஒருமுறை தட்டுகிறார். ஒரு நிரல் ஒரு நொடியில் நூறுமுறை தட்டுகிறது. எந்தத் தட்டலுக்காக மேகம் விரியும்?

எல்லை வகுப்பதென்பது சித்தூர் மண்ணுக்குப் புதிதன்று. வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த தாலுகாக்களைக் கொண்டு 1911இல் அமைந்த மாவட்டம். திருத்தணி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்ற பூசலில் ஆண்டுகள் பல கழிந்த மாவட்டம். படாஸ்கர் வகுத்த முறையின்படி 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாறியது. அந்தத் தீர்ப்பில் மனக்குறை உள்ளவர்கள் இரு பக்கமும் இன்றும் உண்டு. ஆயினும் எதை அலகாகக் கொண்டு வகுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்: கிராமம் அலகு, மொழிப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி. அளவுகோல் வெளியே இருந்ததால் அதோடு சண்டை போடவாவது முடிந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோதும் எந்த மண்டலம் எங்கே என்று அரசிதழில் வந்தது. ஒரு மண்டலத்தை நகர்த்த அரசிதழ் வேண்டும். கோடிக்கணக்கானோரின் பயணத்தை ஆளும் எந்திரத்தில் பாதியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்த ஒரு கட்டளை வரி போதும், அதற்கு எந்த அரசிதழும் இல்லை.

திருப்பதியின் இன்னொரு வரிசையையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டுகள் இணையத்தில், இலவச தரிசன டோக்கன்கள் திருப்பதிக் கவுன்ட்டர்களில் என்று தேவஸ்தானம் இடத்தையே பிரித்து வைத்திருக்கிறது. நேரில் வருபவரின் பங்கை இணையம் தின்றுவிடாத இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. ஆனால் 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தனர். பங்கு ஒதுக்கியிருந்தும் கதவு திறக்கும் கணம் எல்லோருக்கும் ஒன்றாக வைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதன் கொடிய சான்று அது. இணையப் பக்கம் திணறினால் வட்டம் சுழலும். கவுன்ட்டர் வாசல் திணறினால் மூச்சு நிற்கும். அதற்கடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு, 2025 டிசம்பர் 30 முதலான மூன்று நாள்களின் டோக்கன்களை மின்னணுக் குலுக்கலுக்கு மாற்றினார்கள். பல நாள் அவகாசத்தில் பெயர் கொடுக்கலாம். எந்த நொடியில் கொடுத்தார் என்பது பொருட்டன்று. ஓர் உச்ச நிமிடத்தையே ஒழித்துவிட்டால் அந்த நிமிடத்துக்காகச் சர்வரைப் பெருக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். (கைப்பேசி இல்லாதவருக்கு இந்தக் குலுக்கல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி அங்கேயும் மிச்சமிருக்கிறது.) தட்கலை ஏன் இன்னும் ஓட்டப்பந்தயமாகவே நடத்துகிறார்கள் என்பதற்கு ரயில்வே ஒருநாள் விடை சொல்லவேண்டும். அதுவரை பந்தயம் நடக்கும். நடக்கும்வரை ஓடுதளத்தில் கோடு வேண்டும்.

சித்தூரும் திருப்பதியும் தனித்தனி மக்களவைத் தொகுதிகள். நாடாளுமன்றத்தில் எண்ணைக் கேட்டால் எண் வரும் என்பது 2025 ஆகஸ்டில் தெரிந்தது. மொத்த எண்ணைக் கேட்டதால் மொத்த எண் வந்தது. அடுத்த கூட்டத்தொடரில் இரு உறுப்பினர்களும் கேட்கத்தக்கது இது: புதிய முன்பதிவு அமைப்பில் நிலையக் கவுன்ட்டர்களின் கோரிக்கைகளுக்கென, இணையச் சுமை எவ்வளவு ஏறினாலும் குறையாத தனிச் செயலித் திறன் ஒதுக்கப்பட்டுள்ளதா, ஒதுக்கப்பட்டிருப்பின் அது மொத்தத்தில் எவ்வளவு, அந்தப் பங்கைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் கிரிஸ் ஊழியரிடம் உள்ளதா, ஒப்பந்த நிறுவனத்திடம் உள்ளதா, அவ்வாறு மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் பதிவாகிறதா, காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் அடுத்த முதல் மூன்று நிமிடங்களில் சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா கவுன்ட்டர்களில் கடந்த ஓராண்டில் உறுதியான தட்கல் சீட்டுகள் எத்தனை.